‘பத்திரமாக வை’யை ஆங்கிலத்தில் எழுத எந்த அகராதி கைகொடுக்கும்?

ரசீதைப் பத்திரமாக வை. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். பத்திரமாகப் போய்விட்டு வா. நகையைப் பத்திரப்படுத்து. வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வை. தமிழில் ஒரே சொல் இத்தனை வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ரசீதுக்கு ‘ஹேங் ஆன் டு’, குழந்தைக்கு ‘லுக் ஆஃப்டர்’, கிளம்புகிறவருக்கு ‘டேக் கேர்’ அல்லது ‘சேஃப் ஜர்னி’, நகைக்கு ‘லாக் அவே’, வீட்டுப் பத்திரத்துக்கு ‘கீப் இன் எ சேஃப் ப்ளேஸ்’ என்று ஆளுக்கொரு தொடர். இவற்றில் எதற்கும் பொருள் தெரியாமல் யாரும் முழிப்பதில்லை. எது எதோடு சேரும் என்பதில்தான் இடறல். மொழிபெயர்ப்பவர்களுக்கும், அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும், மேல்வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கும் இந்த ஒரு வேலைக்கு எந்த அகராதி உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். உச்சரிப்பு ஒலி, படங்கள், தினம் ஒரு சொல் போன்றவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

பார்த்தவை: ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட், மெரியம் வெப்ஸ்டர் ஆகியவற்றின் இலவசத் தளங்கள், ஸ்கெல் (SkELL), கூகுள் என்கிராம் (Ngram), குளோபி (GloWbE) என்ற மூன்று சொற்றொடர்த் தேடல் கருவிகள். மேக்மில்லனையும் சேர்த்திருக்கலாம்; அதன் இணைய அகராதி 2023 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. பழைய பாடக்குறிப்புகளில் அந்தச் சுட்டிகள் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முதலில் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட பேரகராதி, ஆங்கில நூலைப் படிக்கிறவருக்கு இன்றும் உதவும். ஆனால் அது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறவருக்காகச் செய்தது. எதிர்த்திசையில் போகிறவருக்கு அதில் ‘சேஃப்’, ‘செக்யூர்’, ‘ப்ரொடெக்ட்’, ‘கார்ட்’ எல்லாமே பாதுகாப்பு, காப்பு, காவல் என்ற ஒரே வட்டத்துக்குள் வந்து நிற்கும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில இணையையும் தருகிறது. அந்த இணை, பொருளைச் சுட்டுவதற்காக வைத்தது. வாக்கியத்தில் அப்படியே எடுத்துச் செருகுவதற்கு அல்ல. இரண்டையும் பொருந்தக்கூடிய சொற்களின் பட்டியல் எடுக்க மட்டும் பயன்படுத்தலாம். இயந்திர மொழிபெயர்ப்பு ஒரு விடையைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். இன்னொன்று ஏன் கூடாது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

முதல் சோதனை: ‘கீப் இட் சேஃப்’பா, ‘கீப் இட் சேஃப்லி’யா? தமிழில் ‘பத்திரமாக’ வினையடையாக இருப்பதால் கை தானாகவே ‘சேஃப்லி’க்குப் போகிறது. நம் ஊர் ஆங்கிலத்தில் இது சர்வ சாதாரணம். சந்தேகம் வந்தவர் அகராதியில் ‘சேஃப்’ என்று தேடுவார். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் பதிவின் முதல் பொருளுக்குப் பக்கத்தில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது என்ற இலக்கணக் குறிப்பும் ‘சேஃப் ஃப்ரம்’ என்ற அமைப்பும் இருக்கும். நல்ல தகவல்தான், ஆனால் கேள்விக்கான விடை அதில் இல்லை. விடை இருப்பது ‘கீப்’ என்ற வினையின் பதிவில். ஒரு பொருளை ஒரு நிலையில் இருக்கச் செய்தல் என்ற பொருளுக்கு, ‘கீப்’புக்குப் பின் செயப்படுபொருள், அதன் பின் பெயரடை என்ற வாய்பாட்டை ஆக்ஸ்ஃபோர்டு கொடுக்கிறது. லாங்மன் இன்னும் ஒரு படி மேலே போய், ‘கீப்’ பதிவில் ‘வார்ம்’, ‘சேஃப்’, ‘ட்ரை’ என்ற மூன்று பெயரடைகளையும் வரிசையாகப் போட்டே காட்டிவிடுகிறது. இந்தச் சோதனையில் லாங்மனுக்கே முதலிடம்.

ஏன் அப்படி? ‘கீப் இட் சேஃப்’பில் ‘சேஃப்’ அந்தப் பொருளின் நிலையைச் சொல்கிறது. ‘சேஃப்லி’ செயல் நடக்கும் விதத்தைச் சொல்கிறது. ‘டிரைவ் சேஃப்லி’ சரி, ஓட்டுவது ஒரு செயல். ‘ஸ்டோர் சேஃப்லி’யும் சரி, கிடங்கில் அடுக்குவதில் முறை உண்டு. ‘கீப் இட் சேஃப்லி’ என்று நிறுத்தினால் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படிக்கிற ஆங்கிலேயர் எங்கே என்று எதிர்பார்ப்பார். ‘கீப் இட் சேஃப்லி இன் எ ட்ராயர்’, ‘கீப் இட் சேஃப்லி லாக்ட் அவே’ என்று முடித்தால் அந்தக் குறை போய்விடும். இலக்கணம் திருத்தும் மென்பொருள்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் காரணம் இதுதான்: பிழை என்று சிவப்புக்கோடு போட இங்கே எதுவும் இல்லை.

‘அரைவ் சேஃப்’, ‘அரைவ் சேஃப்லி’ இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது சோதனை ‘ப்ரொடெக்ட் ஃப்ரம்’, ‘ப்ரொடெக்ட் அகென்ஸ்ட்’. இதில் அகராதிகள் கொஞ்சம் கைவிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு இரண்டு முன்னிடைச் சொற்களுக்கும் நடுவே சாய்கோடு போட்டு ஒரே அடைப்புக்குள் வைத்துவிடுகிறது. எதையும் போடலாம் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். பல இடங்களில் போடலாம், உண்மைதான். ஆனால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: ஒளியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கச் சொல்லும் வரியில் ‘ஃப்ரம்’தான் இருக்கும். தடுப்பூசி அம்மைக்கு எதிராகக் காக்கும்போது ‘அகென்ஸ்ட்’ வரும். காப்பீடு நட்டத்துக்கு எதிராகக் காக்கும்போதும், பூச்சு துருவுக்கு எதிராகக் காக்கும்போதும் அதுவே. ‘அகென்ஸ்ட்’டுக்கு இன்னொரு வசதி, யாரை என்று சொல்லாமலே வினையை முடிக்கலாம்: ‘த வேக்சின் ப்ரொடெக்ட்ஸ் அகென்ஸ்ட் மீசல்ஸ்’. ‘ஃப்ரம்’ போட்டால் பொதுவாக நடுவில் ஒரு செயப்படுபொருளைத் தேடும்.

அதே மாத்திரை அட்டையில் மூன்று வெவ்வேறு வினைகள் இருப்பதைக் கவனிக்கலாம். இத்தனை டிகிரிக்குக் கீழே வை என்பதற்கு ‘ஸ்டோர்’. ஒளி படாமல் பார்த்துக்கொள் என்பதற்கு ‘ப்ரொடெக்ட் ஃப்ரம்’. குழந்தைகளுக்கு எட்டாமல் வை என்பதற்கு ‘கீப் அவுட் ஆஃப் ரீச்’. தமிழில் மூன்றையும் ‘பாதுகாப்பாக வைக்கவும்’ என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு முடித்துவிடுகிற மொழிபெயர்ப்புகள் உண்டு. மூன்றாவது வரி மருந்தைக் காப்பதற்கே இல்லை, மருந்திடமிருந்து பிள்ளையைக் காப்பதற்கு. அது கைவிட்டுப் போனால் ஆபத்து.

முன்னிடைச் சொல் சந்தேகத்துக்கு ஸ்கெல் நல்ல கருவி. ஸ்கெட்ச் எஞ்சின் நிறுவனம் ஆங்கிலம் கற்கிறவர்களுக்காகக் கொடுத்திருப்பது. பதிவு வேண்டாம், காசும் வேண்டாம். முதல் பிரிவில் ‘ப்ரொடெக்ட் அகென்ஸ்ட்’ என்று அடித்தால் 40 வாக்கியம் வரை வரும். எல்லாவற்றையும் படிக்காமல், ‘அகென்ஸ்ட்’டுக்கு அடுத்த பெயர்ச்சொல்லை மட்டும் கண்ணால் ஓட்டுங்கள். பிறகு ‘ஃப்ரம்’ போட்டு அதேபோல். ஐந்து நிமிடத்தில் இரண்டு பட்டியல் கையில் இருக்கும். இரண்டாவது பிரிவான சொல் வரைபடம் இன்னும் பயனுள்ளது. அதில் ‘சேஃப்கார்ட்’ என்று போட்டால் அந்த வினை எந்தச் செயப்படுபொருள்களோடு வருகிறது என்பது தனிப் பத்தியில் நிற்கும்: உரிமை, நலன் போன்ற அருவமான பெயர்கள். ‘சேஃப்கார்ட் மை பேக்’ என்று பயணி எழுதினால் ஏன் செயற்கையாக ஒலிக்கிறது என்பதை அந்தப் பத்தி விளக்கிவிடும். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல ‘கீப் அன் ஐ ஆன்’ அல்லது ‘வாட்ச்’. பிரிட்டனில் ‘மைண்ட்’டும் சொல்வார்கள். ஸ்கெல்லின் மூன்றாவது பிரிவான ஒத்த சொற்களை நம்ப வேண்டாம். அது கணினி கணக்கிட்ட நெருக்கம், எதிர்ச்சொல்கூட அதில் வந்து உட்காரும்.

‘டிஃபெண்ட்’, ‘ப்ரொடெக்ட்’, ‘ஷீல்ட்’, ‘கார்ட்’, ‘சேஃப்கார்ட்’ ஆகிய ஐந்தையும் பிரித்துக் காட்டுவதில் மெரியம் வெப்ஸ்டரை மிஞ்ச ஆள் இல்லை. ‘டிஃபெண்ட்’ பதிவில் கீழே இறங்கினால், சரியான ஒத்தசொல்லைத் தேர்ந்தெடு என்ற தலைப்பில் சிறு பத்தி இருக்கும். தாக்குதலை எதிர்த்து நிற்பது ‘டிஃபெண்ட்’. நடுவே ஒரு தடுப்பை வைத்துக் காப்பது ‘ப்ரொடெக்ட்’. வரப்போவது உறுதியான ஆபத்துக்குக் குறுக்கே நிற்பது ‘ஷீல்ட்’. விழித்திருந்து பலத்தோடு காப்பது ‘கார்ட்’. வரலாம் என்ற அளவில் மட்டும் இருக்கும் ஆபத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது ‘சேஃப்கார்ட்’. இத்தனை துல்லியமாக வேறு எந்த இலவசத் தளமும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. குறை என்ன? தாய்மொழிக்காரருக்கான அகராதி அது. வாய்பாடு, முன்னிடைச் சொல் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. அதோடு அமெரிக்க நோக்கு. பிரிட்டனில் ‘சேஃப்கார்டிங்’ என்றால் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குழந்தைகளையும் தற்காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களையும் துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான முறைப்படியான ஏற்பாடு. லண்டனில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கையில் வரும் படிவத்தில் அந்தச் சொல் இருக்கும். அதற்குப் பிரிட்டிஷ் அகராதிகளில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும்.

காலின்ஸ் கோபில்ட்டின் பலம் அதன் விளக்கம் முழு வாக்கியமாக இருப்பது. 1987இல் ஜான் சின்க்ளேர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த முறை. சொல்லை வாக்கியத்துக்குள் வைத்தே பொருள் சொல்வதால் யார், எதை, எதிலிருந்து என்ற மூன்று இடமும் தாமாகவே நிரம்பிவிடும். ஒரே பக்கத்தில் காலின்ஸின் வேறு அகராதிகளையும் அடுக்கி வைத்திருப்பதால் கோபில்ட் பகுதி எங்கே முடிகிறது என்று புதியவர்களுக்குப் புரிவதில்லை. முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டால் போதும். கேம்பிரிட்ஜில் பொருளுக்குப் பொருள் ஏ1 (தொடக்கநிலை) முதல் சி2 (உயர்நிலை) வரை மொழித்திறன் நிலை குறித்திருப்பது ஆசிரியர்களுக்கு வசதி. நம் கேள்விக்கு அதனால் பெரிய லாபமில்லை.

அடுத்தது கூட்டுச்சொற்கள். ‘சேஃப்டி’யும் ‘செக்யூரிட்டி’யும் தமிழில் பாதுகாப்புதான். பொது விதி சுலபம்: விபத்து, நோய், கோளாறு ஆகியவற்றுக்கு எதிரானது முதலாவது, வேண்டுமென்றே செய்யப்படும் தீங்குக்கு எதிரானது இரண்டாவது. ஆனால் இந்த விதியை நம்பி ‘ஃபுட் சேஃப்டி’, ‘ஃபுட் செக்யூரிட்டி’ இரண்டையும் பிரிக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். முன்னது உண்ணும் பொருளின் தூய்மை, கலப்படமின்மை. பின்னது எல்லோருக்கும் போதிய உணவு கிடைப்பதற்கான உறுதி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் முதல் வகை, கடைகளில் மாதிரி எடுப்பது அதன்படி. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டாம் வகை, ரேஷன் அரிசி அதன்படி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே தமிழ்ச் செய்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர் முதலில் பேச்சு கலப்படத்தைப் பற்றியா, ரேஷனைப் பற்றியா என்று பார்த்துவிட்டுத்தான் அகராதியைத் தொட வேண்டும். தொடும்போதும் தனிச்சொல்லைத் தேடாமல் முழுத் தொடரையும் தேடல் பெட்டியில் போடுங்கள். கற்போர் அகராதிகளில், அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் கற்கிறவர்களுக்காகச் செய்தவற்றில், இப்போது பல கூட்டுச்சொற்களுக்குத் தனிப் பதிவு உண்டு.

வங்கிச் சொற்களுக்கு எந்தக் கற்போர் அகராதியும் போதாது. ‘சேஃப் டெபாசிட் லாக்கர்’ வேறு, ‘சேஃப் கஸ்டடி’ வேறு. முதலாவதில் பெட்டியை வாடகைக்கு எடுத்து நீங்களே வைத்துப் பூட்டுகிறீர்கள். உள்ளே என்ன என்று வங்கிக்குத் தெரியாது. இரண்டாவதில் முத்திரையிட்ட பொட்டலத்தையோ ஆவணத்தையோ வங்கியின் கையிலேயே ஒப்படைத்து ரசீது வாங்குகிறீர்கள். வங்கிகளுக்கான 1985ஆம் ஆண்டு நியமன (நாமினேஷன்) விதிகளிலேயே முதலாவதற்கு எஸ்.எல். வரிசைப் படிவங்கள், இரண்டாவதற்கு எஸ்.சி. வரிசைப் படிவங்கள் என்று பிரித்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18இல் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவுறுத்தலின் தலைப்பிலும் இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளது போனால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வங்கியின் பொறுப்பு என்ற கணக்கு லாக்கருக்கானது. வங்கிக்கு எழுதும் கடிதத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் வேறு சேவையைப் பற்றி எழுதியதாகிவிடும். அகராதிகள் ‘சேஃப்கீப்பிங்’ என்ற பொதுச்சொல்லை நன்றாக விளக்குகின்றன: இன்னொருவரிடம் ஒப்படைத்துக் காக்கச் சொல்வது, பெரும்பாலும் ‘ஃபார்’ முன்னால் வரும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதற்கு அது சரி. வங்கிக்கு வங்கியின் படிவத்தில் உள்ள சொல்லே சரி. ‘கீப்சேக்’கை இதோடு குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது நினைவுப்பொருள், பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மரபுத்தொடர்களைத் தேடுவதில் ஒரு நுணுக்கம். ஆக்ஸ்ஃபோர்டு மரபுத்தொடரை அதன் முதல் முழுச்சொல்லின் கீழ் வைக்கும். ‘கீப்’ போன்ற மிகப் பொதுவான வினை என்றால் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போகும். அதனால் ‘அண்டர் லாக் அண்ட் கீ’ வேண்டுமானால் ‘லாக்’, ‘கீப் அண்டர் ராப்ஸ்’ வேண்டுமானால் ‘ராப்’. பின்னது பத்திரமாக வைப்பதற்கு இல்லை, வெளியே தெரியாமல் வைப்பதற்கு. ‘சேஃப் அண்ட் சவுண்ட்’ ஆபத்தோ பயணமோ கடந்து வந்த பிறகு சொல்வது. லாக்கரில் இருக்கும் சங்கிலிக்கு அது பொருந்தாது.

கூகுள் என்கிராம், ஒரு தொடர் அச்சு நூல்களில் ஆண்டுவாரியாக எவ்வளவு வந்தது என்பதைக் கோடாகக் காட்டும் கருவி. அதை விவாதத்தில் ஜெயிக்கப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். ‘கீப் இட் சேஃப்’, ‘கீப் இட் சேஃப்லி’ இரண்டையும் காற்புள்ளியால் பிரித்துப் போட்டால் முதலாவது கோடு உயரத்தில் ஓடும். ஆனால் ‘சேஃப்லி’ கோட்டில் ‘சேஃப்லி லாக்ட்’, ‘சேஃப்லி இன்’ எல்லாம் கலந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்து சொல்லுக்கு மேல் நீளமான தொடரை அது ஏற்காது. 40 நூலுக்குக் குறைவாக வந்த தொடர் அதில் இல்லவே இல்லை. ஆகவே வெறுங்கோடு வந்தால் அந்தத் தொடரே கிடையாது என்று பொருளல்ல. சொல்லுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் அதிகம் வந்த 10 சொற்களைக் காட்டும். ‘ப்ரொடெக்ட் அகென்ஸ்ட்’டுக்குப் பின் ஒரு நட்சத்திரம் போட்டுப் பாருங்கள், அகராதி விட்ட இடத்தை அது நிரப்பும். அமெரிக்க, பிரிட்டிஷ் நூல்களைத் தனித்தனியே பார்க்கலாம். இந்திய ஆங்கிலத்துக்கு அதில் தனித் தொகுப்பு இல்லை.

நம் ஊர் வழக்கா, பொது வழக்கா என்ற கேள்விக்குக் குளோபிதான். 20 நாடுகளின் இணைய ஆங்கிலம், மொத்தம் 190 கோடிச் சொற்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கும் அதில் உண்டு. தொடரைப் போட்டு, பட்டியலுக்குப் பதிலாக வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் நாடுவாரியாகத் தூண்கள் வரும். மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற வரிசையைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன் பகுதிகள் தலா 38 கோடிச் சொற்களுக்கு மேல், இந்தியப் பகுதி 10 கோடிக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தை வைத்து முடிவெடுத்தால் எல்லாமே அமெரிக்க வழக்காகத்தான் தெரியும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்ல ‘ப்ரிசர்வ்’ போடலாமா, மதிப்பெண் எடுத்ததற்கு ‘செக்யூர்ட்’ எழுதலாமா போன்ற சந்தேகங்களை இதில் சோதித்துக்கொள்ளலாம். இந்திய வாசகருக்கு எழுதுவதானால் இந்திய வழக்கைப் பிழை என்று அடிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போகும் கடிதம் என்றால் ‘கீப்’ அல்லது ‘ரிடெய்ன்’, ‘ஸ்கோர்ட்’ என்று மாற்றிவிடுவது நல்லது. குளோபியில் பதிவு செய்துகொள்ள வேண்டும், இலவசக் கணக்குக்குத் தினசரித் தேடல் வரம்பு உண்டு. அதனால் மற்ற எதிலும் தீராத கேள்வியை மட்டும் அங்கே கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

அச்சில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு மேம்பட்ட கற்போர் அகராதியின் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பு. லாங்மனின் ஆறாம் பதிப்பு 2014இல் வந்தது. புதிய சொற்களில் பின்தங்கினாலும் ‘கீப்’, ‘சேஃப்’ போன்றவற்றுக்கு அதனால் நட்டம் எதுவுமில்லை, 2,000 அடிப்படைச் சொற்களுக்குள் விளக்கம் எழுதும் அதன் பழக்கம் மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டைவிட எளிது. பழைய புத்தகக் கடையில் லாங்மன் லாங்வேஜ் ஆக்டிவேட்டர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கருத்தில் தொடங்கிச் சொல்லுக்குக் கூட்டிப்போகும் அகராதி அது. அதாவது ‘பத்திரமாக’ என்று மனதில் வைத்துக்கொண்டு திறப்பவருக்காகவே செய்தது. 1993ஆம் ஆண்டு முதல் பதிப்பு, 2002ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, எது கிடைத்தாலும் இந்த வேலைக்குப் போதும்.